4கே டிவி இருந்தும் படம் தெளிவாக இல்லையா? கேம் கன்சோலில் உயர் தெளிவுப் படம் பார்ப்போருக்கான பிழை நீக்கும் வழிமுறை

டிவித் திரையின் ஓரத்தில் 2160பி (அதாவது 4கே) என்று எழுத்து தோன்றுகிறது. படமோ பழைய டிவியில் பார்த்ததைப் போலவே மங்கலாகத் தெரிகிறது. கேம் கன்சோல் வழியாகத் திரைப்படம் பார்ப்பவர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை இதுதான். பெரும்பாலானோர் உடனே டிவியின் மேலோ கன்சோலின் மேலோ பழியைப் போட்டுவிட்டு, அமைப்புகளில் உள்ள ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். பத்து நிமிடம் கழித்து எது முதலில் எப்படி இருந்தது என்பதே நினைவில் இருப்பதில்லை.

படம் கண்ணுக்கு வந்து சேரும் வரை பல கைகள் மாறுகிறது. சேவையில் அல்லது டிஸ்க்கில் உள்ள கோப்பு, அதை இயக்கும் செயலி, சந்தாத் திட்டம், இணைய வேகம், கன்சோல், எச்டிஎம்ஐ கேபிள், நடுவில் வைத்திருக்கும் ரிசீவர் (ஒலிபெருக்கிகளை இயக்கும் பெட்டி) அல்லது சவுண்ட்பார், டிவியின் குறிப்பிட்ட போர்ட், அந்தப் போர்ட்டுக்கு உரிய அமைப்பு என எல்லாமே 4கேவுக்கு ஒத்துக்கொண்டால்தான் 4கே கிடைக்கும். இவற்றில் ஒன்று மட்டும் பின்தங்கினாலும் மற்றவை எல்லாம் அதன் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு சோதியுங்கள். பயன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தொடங்கும் முன்: உங்கள் கன்சோலால் இது முடியுமா?

இல்லாத திறனைத் தேடி அலைவதைத் தவிர்க்க, முதலில் மாடலைப் பாருங்கள். 2013இல் வந்த பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), அதன் பின் வந்த பிஎஸ்4 ஸ்லிம், 2013இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன், நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆகிய எதுவும் 4கே படத்தை வெளியிடாது. அவற்றை 4கே டிவியில் இணைத்தால், டிவிதான் 1080பி (ஃபுல் எச்டி) படத்தை விரித்துக் காட்டுகிறது. பிஎஸ்4 வகைகள் அனைத்துக்கும் 2016இல் மென்பொருள் மூலம் எச்டிஆர் வசதி (ஒளி-இருள் வேறுபாட்டையும் நிறங்களையும் கூடுதலாகக் காட்டும் முறை) சேர்க்கப்பட்டது. தெளிவுத்திறன் மட்டும் கூடவில்லை.

2016 நவம்பரில் வந்த பிஎஸ்4 புரோ, இணையச் சேவைகளில் 4கே படத்தைக் காட்டும். ஆனால் 4கே படம் பதிந்த யுஎச்டி புளூ-ரே டிஸ்க்கைப் படிக்காது. புளூ-ரே வடிவத்தை வளர்த்ததில் முன்னணியில் நின்ற சோனியே இப்படிச் செய்ததால் அப்போது பலர் ஏமாற்றம் அடைந்தார்கள். இன்றும் பழைய பிஎஸ்4 புரோவை வாங்குபவர்கள் இதை அறியாமல் டிஸ்க்குகளை வாங்கிவிடுகிறார்கள். அதே 2016இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், விலை குறைந்ததாக இருந்தும் யுஎச்டி டிஸ்க்கைப் படித்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ், டிஸ்க் ட்ரைவ் உள்ள சீரிஸ் எக்ஸ், டிஸ்க் ட்ரைவ் உள்ள பிஎஸ்5 ஆகியவையும் படிக்கும். சீரிஸ் எஸ், பிஎஸ்5 டிஜிட்டல் பதிப்பு ஆகியவற்றில் டிஸ்க் ட்ரைவ் கிடையாது. ட்ரைவ் இல்லாத நிலையில் இணையவழி 4கே மட்டுமே அவற்றில் உண்டு. 2024இல் வந்த பிஎஸ்5 புரோவிலும் ட்ரைவ் உடன் வருவதில்லை. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

எச்டிஆரின் மேம்பட்ட வகையான டால்பி விஷன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிஎஸ்5இல் அது இல்லை. எச்டிஆரின் அடிப்படை வகையான எச்டிஆர்10 மட்டுமே வரும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் இணையச் செயலிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் டால்பி விஷன் உண்டு. யுஎச்டி டிஸ்க்குக்கு இல்லை. டிஸ்க்கின் உறையில் டால்பி விஷன் சின்னம் இருந்தும் டிவியில் அது தோன்றவில்லையென்றால், அதைப் பிழையாகக் கருத வேண்டாம்.

அறிகுறி: டிவி 2160பி என்று காட்டுகிறது, படம் மட்டும் மங்கலாக இருக்கிறது

டிவி காட்டும் அந்த எண், கன்சோலிலிருந்து டிவிக்கு வரும் சிக்னலின் அளவே தவிர, படத்தின் உண்மையான அளவு அன்று. 4கே வெளியீட்டில் வைத்த கன்சோல், 480பி படம் வந்தாலும் அதை விரித்து 2160பி ஆகவே அனுப்பும். 4கே என்பது 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். 1080பி படத்தில் இருப்பவை அதில் கால்பங்கான 21 லட்சம்தான். மீதி முக்கால்பங்குப் புள்ளிகளைக் கன்சோல் கணக்கிட்டு நிரப்புகிறது. கண்ணுக்குக் குறையாகத் தெரிவது அந்த நிரப்பல்தான்.

இங்கே பார்க்க வேண்டியது கன்சோலுக்கு முந்தைய கண்ணிகளை, அதாவது கோப்பு, செயலி, சந்தாத் திட்டம், இணையம் ஆகியவற்றை. யூடியூபில் 4கே எனக் குறிக்கப்பட்ட ஒரு காணொளியை ஓடவிட்டு, அமைப்பில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதை இயக்குங்கள். இப்போது உண்மையில் எந்த அளவில் படம் ஓடுகிறது, இணைப்பின் வேகம் என்ன என்பவை அங்கே எண்களாகவே தெரியும். 3840x2160 என்று காட்டினால் உங்கள் இணையம், கன்சோல் இரண்டும் சரி. குறை மற்ற சேவையின் கணக்கில் அல்லது அந்தப் படத்திலேயே இருக்கிறது. 1920x1080 அல்லது அதற்கும் கீழே நின்றால், தரத்தைக் கையால் 2160பிக்கு மாற்றிப் பாருங்கள். அந்தத் தெரிவே பட்டியலில் இல்லையென்றால் கன்சோல் 4கே வெளியீட்டில் இல்லை என்று பொருள். அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். தெரிவு இருந்து, படம் சுற்றிக்கொண்டே நின்றால் வேகம் போதவில்லை.

நெட்ஃப்ளிக்ஸில் 4கே படம் பிரீமியம் திட்டத்தில் மட்டுமே கிடைக்கும். மற்றத் திட்டங்களில் எவ்வளவு விலையுயர்ந்த டிவி இருந்தாலும் பயனில்லை. திட்டம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், உலாவியில் கணக்குப் பக்கத்தைத் திறந்து, உங்கள் சுயவிவரத்துக்கான ஒளிபரப்புத் தரம் 'ஆட்டோ' அல்லது 'ஹை' என்பதில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு யாரோ டேட்டாவைச் சேமிக்க அதைக் குறைத்து வைத்து மறந்திருப்பது நான் அடிக்கடி காணும் காரணம். நெட்ஃப்ளிக்ஸ் 4கேவுக்குப் பரிந்துரைக்கும் வேகம் நொடிக்கு 15 மெகாபிட். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏழு ஜிபிக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். திட்டத்தில் உள்ள வேகம் வேறு. கன்சோலுக்கு வந்து சேரும் வேகம் வேறு. ரவுட்டர் அடுத்த அறையில் இருந்து, கன்சோல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைந்திருந்தால், 100 மெகாபிட் திட்டத்திலும் மாலை நேரத்தில் 10ஐத் தாண்டாமல் போகலாம். வசதி இருந்தால் ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுங்கள். வைஃபையைச் சீராக்கச் செலவிடும் பொழுதைவிட அந்தக் கேபிளுக்கு ஆகும் செலவு குறைவு என்பதே என் உறுதியான எண்ணம்.

அறிகுறி: கன்சோல் 1080பிக்கு மேல் போக மறுக்கிறது

இணைத்தவுடன் டிவி தன் திறன்களைப் பட்டியலிட்டு ஒரு சிறு தகவலைக் கன்சோலுக்கு அனுப்புகிறது. கன்சோல் அதை நம்பியே முடிவெடுக்கிறது. எனவே டிவி என்ன சொன்னது என்பதை முதலில் படித்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸில் 'டிவி அண்ட் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ்' பகுதியில் உள்ள '4கே டிவி டீடெய்ல்ஸ்' பக்கம், எந்தெந்த வசதியை இந்த இணைப்பு ஏற்கிறது, எதை ஏற்கவில்லை என்று வரிசையாகக் காட்டும். பிஎஸ்5இல் 'ஸ்க்ரீன் அண்ட் வீடியோ' பகுதியில் உள்ள 'வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்' அந்த வேலையைச் செய்கிறது. இந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்காமல் வேறு எதையும் மாற்றாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பாதி நேரம் விடை அங்கேயே இருக்கும்.

அடுத்து டிவியின் போர்ட். எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டும் ஒரே திறன் கொண்டவை அல்ல. பழைய 4கே டிவிகளில் ஒன்றோ இரண்டோ போர்ட்டுகள்தான் முழு வேகத்தை ஏற்கும். அந்தப் போர்ட்டிலும், தொழிற்சாலையிலிருந்து வரும்போது பழைய கருவிகளுக்கு ஏற்றபடி வேகம் குறைத்தே வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்துவிடும் அமைப்புக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்' என்பதன் கீழ் 'என்ஹான்ஸ்டு', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', பழைய சாம்சங் டிவிகளில் 'எச்டிஎம்ஐ யுஎச்டி கலர்', எல்ஜியில் 'அல்ட்ரா எச்டி டீப் கலர்'. இது போர்ட் வாரியான அமைப்பு என்பதால், முதல் போர்ட்டுக்கு மாற்றிவிட்டுக் கன்சோலை இரண்டாவதில் செருகியிருந்தால் ஒன்றும் நடக்காது.

நடுவில் ரிசீவர் இருந்தால் அதைச் சந்தேகியுங்கள். என் வீட்டில் புதிய கன்சோல் வந்தபோது மூன்று மாலைகள் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் ரிசீவரைத் தவிர்த்துக் கன்சோலை நேரே டிவியில் செருகிய அந்த நொடியே 4கே வந்தது. அந்த ரிசீவர் நல்ல ஒலி தரும் கருவிதான். ஆனால் எச்டிஎம்ஐ 1.4 காலத்தது. அப்படிப்பட்ட வீடுகளில் கன்சோலை டிவியில் செருகி, டிவியின் ஆர்க் அல்லது இ-ஆர்க் போர்ட்டிலிருந்து ரிசீவருக்கு ஒலியை மட்டும் கொண்டுபோவதே நல்ல தீர்வு. ரிசீவரை மாற்றத் தேவையில்லை.

அறிகுறி: படம் ஓடும்போது ஒன்றிரண்டு நொடி திரை கறுத்து மீள்கிறது, வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன

இது பெரும்பாலும் கேபிளின் வேலை. கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) கொண்ட 4கே படத்தை, நிறத்தைச் சுருக்காமல் 8 பிட்டில் (நிறத்தின் நுணுக்க அளவு) அனுப்ப 17.82 ஜிகாபிட் தேவை, எச்டிஎம்ஐ 2.0இன் உச்ச எல்லையே 18 ஜிகாபிட்தான். எச்டிஆருக்கு 10 பிட் தேவைப்படும்போது அது எல்லையைத் தாண்டிவிடுவதால், நிறத் தகவல் சுருக்கப்படுகிறது. எச்டிஎம்ஐ 1.4 கால இணைப்போ 10.2 ஜிகாபிட்டுக்கு மேல் தாங்காது. ஆகையால் ஒரு கேபிள் 1080பி படத்தை ஆண்டுக்கணக்கில் குறையின்றிக் கொண்டுபோயிருந்தாலும், 4கே எச்டிஆரில் தடுமாறுவது இயல்பு. உறையில் '4கே' என்று பெரிதாக அச்சிட்டிருப்பது எதையும் உறுதிப்படுத்தாது. நொடிக்கு 30 சட்டங்கள் கொண்ட 4கேவும் 4கேதான். 18 ஜிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்ட கேபிளில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்றும், 48 ஜிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டதில் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்றும் சான்று ஒட்டப்பட்டிருக்கும். பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ் பெட்டியில் வரும் கேபிள் இரண்டாவது வகை. அதை வேறு எதற்கும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

புதுக் கேபிள் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். பிஎஸ்4 புரோவில் தெளிவுத்திறனை '2160பி - ஒய்யுவி420' என்று மாற்றுங்கள். பிஎஸ்5இல் '4கே வீடியோ டிரான்ஸ்ஃபர் ரேட்' என்பதை -1 ஆகவும், போதவில்லையென்றால் -2 ஆகவும் குறையுங்கள். எக்ஸ்பாக்ஸில் 'வீடியோ மோட்ஸ்' பகுதியில் 'அலவ் ஒய்சிசி 4:2:2' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இவை எல்லாம் கேபிளின் மேல் உள்ள சுமையைக் குறைப்பவை. மாற்றியதும் கறுப்புத் திரை நின்றுவிட்டால், குற்றவாளி கேபிள் அல்லது போர்ட் என்பது உறுதியாகிவிடும். திரைப்படம் மட்டும் பார்ப்பவர்கள் அப்படியே விட்டுவிடவும் செய்யலாம்: டிஸ்க்கிலும் இணையச் சேவைகளிலும் உள்ள படங்களே 4:2:0 என்ற சுருக்கிய நிறத் தகவலோடுதான் வருகின்றன, ஆகவே படத்தில் பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். விளையாட்டுகளின் சிறு எழுத்துகளில்தான் வேறுபாடு தெரியும்.

அறிகுறி: மெனு தெரிகிறது, படத்தை இயக்கியதும் கறுப்புத் திரை அல்லது பிழைச்செய்தி

மெனுவுக்குப் பதிப்புரிமைக் காப்பு கிடையாது, படத்துக்கு உண்டு. எச்டிசிபி எனப்படும் அந்தக் காப்பை, 4கே படங்களுக்கு 2.2 பதிப்பிலேனும் வழியில் உள்ள எல்லாக் கருவிகளும் ஏற்க வேண்டும். ஒன்று ஏற்காவிட்டால் சில செயலிகள் 1080பிக்கு இறங்கிவிடும். சில ஓடவே மறுக்கும்.

பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் எச்டிசிபியை அணைக்கும் வசதி உண்டு. விளையாட்டைப் பதிவு செய்பவர்கள் கேப்சர் கார்டுக்காக அணைப்பார்கள். அணைத்தபின் படச் செயலிகள் இயங்கா. பிஎஸ்5இல் 'சிஸ்டம்', பிறகு 'எச்டிஎம்ஐ' என்று சென்று அது இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கியும் பிழை நீடித்தால், கேப்சர் கார்டு, ஸ்ப்ளிட்டர், ஸ்விட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நேரடியாக இணையுங்கள். அதன் பிறகும் மாறவில்லையென்றால், எல்லாக் கருவிகளின் மின் இணைப்பையும் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு, முதலில் டிவி, பிறகு ரிசீவர், கடைசியாகக் கன்சோல் என்ற வரிசையில் இயக்குங்கள். கருவிகள் தொடக்கத்தில் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வதில் ஏற்பட்ட சிக்கலாக இருந்தால் இதிலேயே தீர்ந்துவிடும்.

தெளிவுத்திறனை மாற்றியபின் மெனுவே தெரியாமல் போய்விட்டால் பதற வேண்டாம். பிளேஸ்டேஷனை முழுமையாக அணைத்து, மின் பொத்தானை இரண்டாவது பீப் ஒலி கேட்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். பாதுகாப்பு முறை திறக்கும். அதில் தெளிவுத்திறனைக் குறைத்துக்கொள்ளலாம். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளால் இணைத்திருக்க வேண்டும். டிஸ்க் ட்ரைவ் உள்ள எக்ஸ்பாக்ஸில், அணைத்தபின் மின் பொத்தானையும் டிஸ்க் வெளியேற்றும் பொத்தானையும் சேர்த்து இரண்டாவது பீப் வரை பிடித்தால் குறைந்த தெளிவுத்திறனில் தொடங்கும்.

அறிகுறி: எச்டிஆர் வந்ததும் நிறம் வெளிறுகிறது, அல்லது இருள் காட்சிகளில் ஒன்றும் தெரியவில்லை

எச்டிஆர் அல்லாத படங்கள் மட்டும் வெளிறினால், கன்சோல் எல்லாவற்றையும் எச்டிஆராக மாற்றி அனுப்புகிறது. பிஎஸ்5இல் எச்டிஆர் அமைப்பை 'ஆல்வேஸ் ஆன்' என்பதிலிருந்து 'ஆன் வென் சப்போர்ட்டட்' என்பதற்கு மாற்றுங்கள். எல்லாப் படங்களிலும் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் அல்லது நிழல் பகுதிகள் முழுக் கறுப்பில் மூழ்கினால், கன்சோலும் டிவியும் நிற வரம்பை வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. பிளேஸ்டேஷனில் 'ஆர்ஜிபி ரேஞ்ச்' என்பதைத் தானியங்கியில் வையுங்கள். எக்ஸ்பாக்ஸில் 'கலர் ஸ்பேஸ்' என்பதை 'ஸ்டாண்டர்ட்' என்பதில் விடுங்கள். 'பிசி ஆர்ஜிபி' கணினித் திரைகளுக்கானது. பெயரைப் பார்த்து அதுவே உயர்ந்தது என்று எண்ணிப் பலர் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

கன்சோல் இணைந்தவுடன் டிவி தானாக கேம் மோடுக்குப் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த நிலையில் டிவி தாமதத்தைக் குறைக்கவே முன்னுரிமை தருவதால், நிறமும் அசைவும் திரைப்படத்துக்கு ஏற்றபடி அமைவதில்லை. படம் பார்க்கும்போது சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றிவிடுங்கள். கன்சோலில் உள்ள எச்டிஆர் அளவீட்டுத் திரை விளையாட்டுகளுக்கானது; அதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதால் திரைப்படத்தின் ஒளி மாறாது. மேலும், மலிவான 4கே டிவிகள் பல எச்டிஆர் சிக்னலை ஏற்றுக்கொண்டாலும், அதற்கு வேண்டிய ஒளியைத் தரும் வலிமை அவற்றின் திரைக்கு இல்லை. அத்தகைய டிவியில் எச்டிஆரை அணைத்துவிட்டுப் பார்ப்பதே நல்ல படத்தைத் தரும்; அதில் குறைவாக எண்ண ஒன்றுமில்லை.

அறிகுறி: யுஎச்டி டிஸ்க் ஓடவில்லை, அல்லது நடுவில் நிற்கிறது

எக்ஸ்பாக்ஸில் புளூ-ரே செயலியைக் கடையிலிருந்து இறக்கி நிறுவ வேண்டும்; தனியாகக் கழற்றி மாட்டும் பிஎஸ்5 ட்ரைவைப் பொருத்தும்போது முதல்முறை இணைய இணைப்பு தேவை. இவ்விரண்டையும் முடித்தபின்னும் ஓடவில்லையென்றால் டிஸ்க்கைப் பாருங்கள். யுஎச்டி டிஸ்க்குக்கு மண்டலக் கட்டுப்பாடு இல்லை. எந்த நாட்டில் வாங்கியதும் ஓடும். ஆனால் அதே பெட்டியில் இருக்கும் சாதாரணப் புளூ-ரே டிஸ்க்குக்கு ஏ, பி, சி என்ற மண்டலங்கள் உண்டு. இந்தியா சி மண்டலத்தில் இருப்பதால், அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த பெட்டியில் 4கே டிஸ்க் ஓடி, அதோடு வந்த புளூ-ரே மட்டும் மறுக்கப்படலாம்.

எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதென்றால், டிஸ்க்கை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. 100 ஜிபி டிஸ்க்கில் மூன்று அடுக்குகள் இருப்பதால், புளூ-ரேயில் பொருட்படுத்தாத ஒரு விரல்ரேகைகூட இதில் இடையூறாகும். எக்ஸ்பாக்ஸில் புளூ-ரே அமைப்பின் கீழ் உள்ள 'பெர்சிஸ்டன்ட் ஸ்டோரேஜ்' என்பதை அழிப்பதும் பலன் தரும். பல டிஸ்க்குகள் நின்றால், அது ட்ரைவின் லேசர் தேய்ந்துவருவதன் அடையாளம்.

அறிகுறி: யுஎஸ்பியில் உள்ள 4கே கோப்பு திறக்கவில்லை

கைபேசியில் எடுத்த திருமண வீடியோவைப் பெரிய திரையில் காட்ட நினைக்கும்போதுதான் இது பெரும்பாலும் நேர்கிறது. பென்டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறவே ஏறாது. என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் பிளேஸ்டேஷன் படிக்காது. எக்ஸ்எஃப்ஏடி வடிவம் இரண்டு தரப்புக்கும் பொருந்தும். வடிவத்தை மாற்றினால் உள்ளிருப்பவை அழிந்துவிடும் என்பதால், முதலில் வீடியோவுக்கு இன்னொரு பிரதி எடுத்துவையுங்கள்.

பென்டிரைவ் சரியாக இருந்தும் திறக்கவில்லையென்றால், கோப்பு சுருக்கப்பட்ட முறை காரணமாகலாம். புதிய கைபேசிகள் பல 4கே வீடியோவை எச்இவிசி முறையில் பதிவு செய்கின்றன. பிஎஸ்4இன் சொந்த மீடியா பிளேயருக்குப் பழக்கமானது அதற்கு முந்தைய எச்.264. எக்ஸ்பாக்ஸில் விஎல்சி அல்லது கோடி செயலியை நிறுவினால் பெரும்பாலான கோப்புகள் திறக்கும். பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் வீட்டுக் கணினியில் பிளெக்ஸ் சர்வரை (கணினியிலுள்ள வீடியோக்களை மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள்) அமைத்து, கணினியே கோப்பை மாற்றிக் கொடுக்கும்படி செய்யலாம். கணினிக்குப் போதிய வலு இருந்தால் இது நன்றாகவே நடக்கும்.

அறிகுறி: கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் படம் தடுக்கித் தடுக்கி நகர்கிறது

திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் கொண்டது. கன்சோல் 60 அனுப்புகிறது. 60ஐ 24ஆல் மீதியின்றி வகுக்க முடியாததால், ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகிறது; அந்த ஒழுங்கின்மையே தடுக்கலாகத் தெரிகிறது. எக்ஸ்பாக்ஸில் 'வீடியோ மோட்ஸ்' பகுதியில் 'அலவ் 24 ஹெர்ட்ஸ்' என்பதை இயக்கினால் செயலி ஒத்துழைக்கும் இடங்களில் இது நீங்கும். மற்றக் கன்சோல்களில் டிவியின் சினிமா அசைவு அமைப்பை இயக்கிப் பாருங்கள். கேம் மோடில் அது பெரும்பாலும் முடக்கப்பட்டிருக்கும் என்பதால் முதலில் அதிலிருந்து வெளியே வர வேண்டும்.

அறிகுறி: கேபிளைச் சற்று அசைத்தால் படம் வருகிறது, விட்டால் போகிறது

கேபிளை மாற்றியும் இது தொடர்ந்தால், கன்சோலின் எச்டிஎம்ஐ போர்ட்டில் ஊசிகள் வளைந்திருக்கின்றன அல்லது பற்றவைப்பு விட்டிருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் போர்ட்டின் உள்ளே பார்த்து, தடித்த கேபிள் தன் எடையால் அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். ஊசிகளை நிமிர்த்த நீங்கள் முயல வேண்டாம். உத்தரவாதக் காலம் இருந்தால் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள். முடிந்திருந்தால், போர்ட்டை மட்டும் மாற்றிப் பற்றவைத்துத் தரும் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். கன்சோலின் மற்றப் பகுதிகள் நன்றாக இருக்கும்வரை, இதற்காகப் புதியது வாங்கத் தேவையில்லை.